காலமுறைச் சில்வண்டுகளைக் களத்தில் கண்டறிதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவின் கிழக்குப் பாதியில் 13 அல்லது 17 ஆண்டுகளுக்கு ஒருமுறை மண்ணைத் துளைத்துக்கொண்டு கூட்டங்கூட்டமாக வெளிவரும் சில்வண்டுகள் காலமுறைச் சில்வண்டுகள் எனப்படுகின்றன. தமிழ்க் குடும்பங்கள் நிறைய வாழும் நியூ ஜெர்சி, மேரிலாந்து, வர்ஜீனியா, இல்லினாய் மாநிலங்கள் இவற்றின் எல்லைக்குள்தான் அடங்குகின்றன. முதன்முறை பார்ப்பவர்கள் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்பட்டுள்ளது. பார்த்த பூச்சி எந்த இனம், எந்தக் கூட்டத்தைச் சேர்ந்தது, உரிய ஆண்டில் வந்ததா அல்லது ஆண்டு தவறி வந்த உதிரியா என்பவை மூன்று தனிக் கேள்விகள். மூன்றையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் பெரும்பாலான பதிவுகள் பயனற்றுப் போகின்றன.

நான் பார்த்தது காலமுறைச் சில்வண்டுதானா?

கறுத்த உடல், சிவந்த கண்கள், ஆரஞ்சு நிற நரம்போடிய கண்ணாடி போன்ற இறக்கைகள் ஆகிய மூன்றும் சேர்ந்திருந்து, பார்த்த காலமும் ஏப்ரல் கடைசிக்கும் ஜூன் இறுதிக்கும் இடைப்பட்டதாக இருந்தால், பெரும்பாலும் ஐயப்பட வேண்டியதில்லை. உடல் நீளம் ஏறத்தாழ இரண்டரை முதல் மூன்று செ.மீ. இருக்கும். ஜூலை, ஆகஸ்ட் மாதங்களின் கடும் வெயிலில் கத்துபவை வேறு. அவை ஆண்டுதோறும் வருபவை, இவற்றைவிடப் பருத்தவை, பச்சையும் கறுப்பும் கலந்த உடலும் சிவப்பல்லாத கண்களும் கொண்டவை. கண்ணின் நிறத்தை மட்டும் வைத்து முடிவு செய்ய வேண்டாம். நீலம் அல்லது வெளிர் சாம்பல் நிறக் கண் உடையவை காலமுறைச் சில்வண்டுகளிலேயே அரிதாகத் தென்படுகின்றன.

இரவில் மரங்களிலிருந்து விடாமல் ஒலி கேட்டால் அது பெரும்பாலும் சுவர்க்கோழி அல்லது அவற்றின் உறவினப் பூச்சிகளின் ஒலியாகவே இருக்கும். காலமுறைச் சில்வண்டுகளின் சேர்ந்திசை பகலுக்குரியது.

எப்போது, எங்கே தேட வேண்டும்?

நாட்காட்டியைவிட மண்ணின் வெப்பமே முக்கியம். சுமார் 20 செ.மீ. ஆழத்தில் மண் 18 டிகிரி செல்சியசை (64 டிகிரி ஃபாரன்ஹீட்டை) எட்டியதும் வெளிவரத் தொடங்குகின்றன. அதையொட்டி ஒரு வெதுவெதுப்பான மழை பெய்தால் அன்று மாலையே ஆயிரக்கணக்கில் ஏறிவரக்கூடும். தெற்கு மாநிலங்களில் ஏப்ரல் கடைசியிலும், வடக்கே மே மாதத்தின் பிற்பகுதியிலும், குளிர் மிகுந்த இடங்களில் ஜூன் தொடக்கத்திலும் இது நிகழ்கிறது. ஒரே ஊரில்கூட வெயில் படும் தெற்குச் சரிவு முந்திக்கொள்ளும். நிழலடர்ந்த பகுதி பல நாட்கள் பிந்தும்.

வெளிவருவதற்குச் சில வாரங்கள் முன்பிருந்தே அடையாளங்களைத் தேடலாம். மரத்தடியில் சுண்டுவிரல் நுழையும் அளவிலான வட்டத் துளைகள், கிடக்கும் கல்லையோ பலகையையோ புரட்டினால் அதன் கீழே முடியும் சுரங்கப் பாதைகள், ஈரம் மிகுந்த மண்ணில் துளையின்மேல் எழுப்பப்பட்ட சில செ.மீ. உயரச் சேற்றுக் குழல்கள் ஆகியவை உறுதியான குறிகள்.

இடத்தின் பழைய வரலாற்றையும் விசாரித்துக்கொள்வது நல்லது. சென்ற முறை முட்டையிட்டபோது அங்கே மரங்கள் இருந்திருக்க வேண்டும். இடைப்பட்ட ஆண்டுகளில் அந்த மரங்களும் மண்ணும் அகற்றப்படாமல் இருந்திருக்க வேண்டும். பழைய மரங்கள் நிற்கும் தெருவில் காது அடைக்கும் இரைச்சலும், சோள வயலை நிரவிக் கட்டிய அடுத்த குடியிருப்பில் முழு அமைதியும் நிலவுவதற்குக் காரணம் இதுதான்.

தோலுரிப்பதைப் பார்க்க முடியுமா?

முடியும், களத்தில் பார்க்கக் கிடைப்பவற்றில் இதைவிடச் சிறந்ததை நான் அறியேன். பொழுது சாயும் நேரத்தில் முதிர்ந்த ஓக் மரத்தின் அடியில், ஒளி குறைந்த கைவிளக்குடன் காத்திருங்கள். பழுப்பு நிற இளம்பூச்சி மண்ணிலிருந்து வெளியேறி, மரப்பட்டையிலோ வேலிக் கம்பத்திலோ ஏறி, கால் நகங்களை ஊன்றி நிலைகொள்ளும். சிறிது நேரத்தில் முதுகின் நடுவே ஒரு கோடு விரிந்து பிளக்க, பால்வெள்ளை உடல் பிதுங்கி எழும். தலையும் கால்களும் விடுபட்டதும் பூச்சி பின்புறமாகச் சாய்ந்து, வயிற்றின் நுனி மட்டும் பழைய தோலுக்குள் இருக்கத் தலைகீழாகத் தொங்கும். கால்கள் ஓரளவு வலுப்பட்டபின் வயிற்றை மடக்கி எழுந்து, தன் பழைய தோலையே பற்றிக்கொண்டு வாலையும் உருவிக்கொள்ளும். கசங்கிக் கிடக்கும் இறக்கைகள் அதன் பிறகுதான் விரியத் தொடங்கும்.

இந்த நிலையில் வெள்ளை உடலில் சிவந்த கண்களும், தலைக்குப் பின்னால் இரண்டு கரும்புள்ளிகளும் மட்டுமே நிறமுடையவை. அந்த இரண்டு புள்ளிகளும் காலமுறைச் சில்வண்டுக்கே உரிய நல்ல அடையாளம். விடிவதற்குள் உடல் கறுத்துவிடும் என்றாலும், முழுமையாக இறுகி ஆண்கள் பாடத் தொடங்க மேலும் நான்கைந்து நாட்கள் பிடிக்கும். ஆகவே தோலுரிக்கும் பூச்சியைத் தொடாதீர்கள். இறக்கை விரியும் முன் தவறி விழுந்தால் அது ஊனமாகவே இறுகிப்போகும்.

ஆணையும் பெண்ணையும் எப்படிப் பிரித்தறிவது?

மெல்லப் பிடித்துப் புரட்டிப் பாருங்கள். பெண்ணின் வயிறு கூராக முடியும். அடிப்பக்கத்தில் முட்டையிடும் ஊசி பொருந்தியிருக்கும் நீண்ட பள்ளம் தெரியும். ஆணின் வயிறு மழுங்கி முடியும். இறக்கை தொடங்கும் இடத்துக்குச் சற்றுப் பின்னே, வயிற்றின் இருபுறமும் வரிவரியான ஒலிச்சவ்வு இருக்கும். பிடித்ததும் வீறிட்டுக் கத்தினால் அது ஆண்தான். இவை கொட்டுவதுமில்லை, தற்காப்புக்காகக் கடிப்பதுமில்லை.

எத்தனை இனங்கள் உள்ளன?

மேஜிசிகாடா என்ற ஒரே பேரினத்தின்கீழ் ஏழு. 17 ஆண்டு வாழ்பவை மூன்று: செப்டென்டெசிம், கேசினி, செப்டென்டெகுலா. 13 ஆண்டு வாழ்பவை நான்கு: டிரெடெசிம், நியோடிரெடெசிம், டிரெடெகாசினி, டிரெடெகுலா. இவற்றுள் செப்டென்டெசிமுக்கு லின்னேயஸ் 1758இலேயே பெயரிட்டுவிட்டார். நியோடிரெடெசிம் 2000ஆம் ஆண்டில்தான் தனி இனமாக விவரிக்கப்பட்டது.

களத்தில் இவற்றை டெசிம், கேசினி, டெகுலா என மூன்று குழுக்களாக நினைவில் வைத்துக்கொண்டால் போதும். ஒரே குழுவைச் சேர்ந்த 17 ஆண்டு இனமும் 13 ஆண்டு இனமும் தோற்றத்திலும் ஒலியிலும் மிக நெருங்கியவை. அவற்றைப் பிரிப்பது பெரும்பாலும் இடமும் ஆண்டும்தான்.

உடலைப் பார்த்து இனம் சொல்வது எப்படி?

இரண்டு இடங்களைப் பார்க்க வேண்டும். ஒன்று, கண்ணுக்கும் இறக்கையின் அடிக்கும் இடைப்பட்ட சிறு பகுதி. மற்றொன்று, வயிற்றின் அடிப்பக்கம். கண்ணுக்குப் பின்னால் ஆரஞ்சுத் திட்டும், வயிற்றடியில் அகன்ற ஆரஞ்சுப் பட்டைகளும் இருந்தால் டெசிம் குழு. கண்ணுக்குப் பின்னால் கறுப்பாகவும், வயிறும் ஏறத்தாழ முழுக்கக் கறுப்பாகவும் இருந்தால் கேசினி குழு. கண்ணுக்குப் பின்னால் கறுப்பாக இருந்து, வயிற்றடியின் ஒவ்வொரு கண்டத்திலும் மெல்லிய ஆரஞ்சுக் கோடு தெளிவாக ஓடினால் டெகுலா குழு. டெசிம் மற்ற இரண்டைவிடச் சற்றுப் பெரியது.

கேசினியில் சிலவற்றுக்கு மங்கிய மஞ்சள் கோடுகள் இருப்பதுண்டு. அவற்றை டெகுலா என்று பதிவு செய்வது மிகப் பரவலான பிழை. இறந்து பல நாட்கள் கிடந்த உடலின் நிறத்தையும் நம்ப முடியாது. முதுகை மட்டும் காட்டும் அழகான புகைப்படத்தைவிட, வயிற்றடியையும் பக்கவாட்டையும் காட்டும் இரண்டு சுமாரான படங்கள் இனம் காண உதவும்.

ஒலியை வைத்துக் கண்டறிய முடியுமா?

உடலைவிட ஒலியே உறுதியான சான்று. பெண்பூச்சிகள் தம் இனத்து ஆணைத் தேர்ந்தெடுப்பதும் ஒலியை வைத்துத்தான்.

டெசிம் குழுவின் பாட்டு தாழ்ந்த, ஏறக்குறைய இசைத்தன்மை கொண்ட ஒலி. ‘ஃபே…ரோ’ என்று நீண்டு, கடைசியில் சுருதி சட்டென்று இறங்கும். செப்டென்டெசிமின் சுருதி 1.1 முதல் 1.3 கிலோஹெர்ட்ஸ் அளவில் இருப்பதால், தொலைவிலிருந்து கேட்கையில் தனிப் பாட்டுகள் ஒன்றோடொன்று கரைந்து, காடு முழுவதும் ஒரே சீரான ஓசையாக ஒலிக்கும். சாலையில் போகிறவர்கள் ஏதோ ஆலை ஓடுகிறது என்றே நினைப்பார்கள். கேசினி குழு முதலில் ‘டிக் டிக்’ என்று பல முறை சொடுக்கி, பிறகு ‘ஷ்ஷ்ஷ்’ என்று உரத்துச் சீறும்; இதன் சுருதி 5 கிலோஹெர்ட்ஸுக்கும் மேல். பல்லாயிரம் ஆண்கள் ஒருமித்துச் சீறுவதும் அடங்குவதுமாக இருப்பதால், மரத்துக்கு மரம் அலையடிப்பதுபோல் ஒலி நகர்வதைத் தெளிவாகக் கேட்கலாம். டெகுலா குழு சுருக்கமான சீறல்களைத் தாளம் தவறாமல் அடுக்கிக்கொண்டே போகும். எண்ணிக்கையிலும் இதுவே பெரும்பாலும் சிறுபான்மை. மற்ற இரண்டின் இரைச்சலில் எளிதில் மறைந்துவிடும் என்பதால் காதைப் பழக்கிக்கொண்டு தேட வேண்டும். ஹிக்கரி, வால்நட் மரங்களின் அருகே தேடினால் வாய்ப்பு அதிகம்.

பெரும்பாலும் டெசிம் முற்பகலிலும், டெகுலா நண்பகலையொட்டியும், கேசினி பிற்பகலிலும் உச்சத்தில் இருக்கும். ஆகவே ஒரு காட்டில் என்னென்ன இனங்கள் உள்ளன என்று சொல்ல, காலையில் ஒருமுறை கேட்டுவிட்டுத் திரும்புவது போதாது. நில அமைப்பும் உதவும்: மேட்டுக் காடுகள் டெசிமுக்கும், ஆற்றோரத் தாழ்நிலக் காடுகள் கேசினிக்கும் உகந்தவை.

இன்னொரு சோதனையும் உண்டு. இசைவு தெரிவிக்கும் பெண், ஆணின் பாட்டு முடிந்ததும் அரை நொடிக்கும் குறைவான இடைவெளியில் இறக்கையை ஒருமுறை சொடுக்கும். பாடிக்கொண்டிருக்கும் ஆணின் அருகே, அதே இடைவெளியில் விரலைச் சொடுக்கிப் பாருங்கள். அது பாட்டை மாற்றிக்கொண்டு உங்கள் கையை நோக்கி நடந்துவரும். சொடுக்கு சற்றுப் பிந்தினால்கூட அது திரும்பிப் பார்ப்பதில்லை.

டிரெடெசிமையும் நியோடிரெடெசிமையும் எப்படிப் பிரிப்பது?

இரண்டும் 13 ஆண்டு வாழும் டெசிம் குழுவினவே. டிரெடெசிமின் வயிற்றடி ஏறக்குறைய முழுக்க ஆரஞ்சாக இருக்கும். நியோடிரெடெசிமில் கறுப்பும் கலந்திருக்கும். டிரெடெசிம் சுமார் 1.1 கிலோஹெர்ட்ஸில் பாடுகிறது; நியோடிரெடெசிம் சுமார் 1.4 கிலோஹெர்ட்ஸில் பாடுகிறது. இரண்டும் சேர்ந்து வாழும் பகுதிகளில் மட்டும் நியோடிரெடெசிமின் சுருதி 1.7 வரை ஏறிவிடுகிறது. அண்டை இனத்தோடு குழப்பம் நேராதபடி பாட்டே விலகிப்போயிருக்கும் இந்த இடங்களில், இரண்டு சுருதிகளும் ஒரே காட்டில் தனித்தனியாகக் கேட்கும். கைப்பேசியில் பதிவு செய்து, சுருதிகளைப் பிரித்துக் காட்டும் அலைமாலைப் படமாகப் பார்த்தால் இரண்டு பட்டைகளாகவே தெரியும்.

புரூட் என்பது இனத்தைக் குறிக்கிறதா?

இல்லை. ஒரே ஆண்டில், ஒரே சுழற்சியில் வெளிவரும் கூட்டமே புரூட். 1898இல் அமெரிக்க வேளாண் துறையின் மார்லட் என்பவர் இவற்றுக்கு எண்ணிட்டார்: 17 ஆண்டுக் கூட்டங்களுக்கு 1 முதல் 17 வரை, 13 ஆண்டுக் கூட்டங்களுக்கு 18 முதல் 30 வரை. எண்ணிட்டவை எல்லாம் உண்மையில் இருக்கவில்லை. இன்று 17 ஆண்டுக் கூட்டங்கள் 12, 13 ஆண்டுக் கூட்டங்கள் 3 மட்டுமே எஞ்சியுள்ளன. கனெக்டிகட் பள்ளத்தாக்கில் வாழ்ந்த புரூட் 11 கடைசியாக 1954இல் காணப்பட்டது, அதன்பின் இல்லை.

ஒரு புரூடில் பொதுவாகப் பல இனங்கள் கலந்தே இருக்கும். நியூயார்க் மாநிலத்தின் ஒனண்டாகா மக்களின் மண்ணில் வெளிவரும் புரூட் 7இல் செப்டென்டெசிம் மட்டுமே உள்ளது என்பது விதிவிலக்கு. எனவே பூச்சியின் உடலைப் பார்த்துப் புரூட் எண்ணைச் சொல்ல முடியாது; இடத்தையும் ஆண்டையும் சேர்த்தே முடிவு செய்ய வேண்டும்.

உரிய ஆண்டு இல்லாதபோதும் ஒரு சிலவற்றைப் பார்த்தேன். அது எப்படி?

அவை உதிரிகள். ஒவ்வொரு கூட்டத்திலும் சில பூச்சிகள் கணக்குத் தவறி ஓராண்டு முன்போ பின்போ வருகின்றன. 17 ஆண்டுச் சில்வண்டுகளில் நான்கு ஆண்டுகள் முந்தி வருவதும் அடிக்கடி நிகழ்வதே. 2021இல் வரவேண்டிய புரூட் 10ஐச் சேர்ந்தவை 2017இலேயே வாஷிங்டன் வட்டாரத்தில் கணிசமாக வெளிவந்தன. எண்ணிக்கை குறைவாக இருப்பதால் பறவைகளும் அணில்களும் உதிரிகளை விரைவில் தின்று தீர்த்துவிடும்.

பழைய வரைபடங்களில் இருந்த பெரிய குறையும் இதுவே. ஒரு மாவட்டத்திலிருந்து ஒரே ஒரு தகவல் வந்தாலும் அந்த மாவட்டம் முழுவதும் நிறம் தீட்டப்பட்டது. தகவல் தந்தவர் பார்த்தது உதிரியா, நிலைத்த கூட்டமா என்று யாரும் கேட்கவில்லை. அதனால்தான் கனெக்டிகட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கார்க் கண்ணாடியை இறக்கிவிட்டு, மெதுவாக ஓட்டிச் சென்று, சேர்ந்திசை கேட்கும் இடங்களையும் கேட்காத இடங்களையும் புள்ளி புள்ளியாகக் குறித்து வரைபடங்களைப் புதிதாக உருவாக்க வேண்டியிருந்தது.

2024இல் இரண்டு கூட்டங்கள் சேர்ந்து வந்தனவே, அவை கலந்துவிட்டனவா?

17 ஆண்டுச் சுழற்சியைச் சேர்ந்த புரூட் 13ம், 13 ஆண்டுச் சுழற்சியைச் சேர்ந்த புரூட் 19ம் 1803க்குப் பிறகு முதன்முறையாக ஒரே ஆண்டில் வந்தன, இனி 2245இல்தான். ஆனால் முன்னது வடக்கு இல்லினாயையும் அதைச் சுற்றிய பகுதிகளையும் சேர்ந்தது. பின்னது மிசௌரியிலிருந்து கரோலினாக்கள் வரை பரவியது. மத்திய இல்லினாயில், ஸ்பிரிங்ஃபீல்டு நகரை ஒட்டிய குறுகிய பகுதியில்தான் அவை நெருங்கி வந்தன.

அடுத்து எப்போது, எங்கே பார்க்கலாம்?

2025இல் புரூட் 14 வந்துபோய்விட்டது. 1634இல் மாசசூசெட்ஸின் பிளிமத்தில் குடியேறியிருந்த ஆங்கிலேயர் கண்டதும் இதே கூட்டம்தான். 2026இல் எந்தக் கூட்டத்துக்கும் முறை இல்லை. ஆயினும் 2030இல் வரவேண்டிய புரூட் 2இன் நான்கு ஆண்டு முந்திய உதிரிகளை அவ்வாண்டில் நியூ ஜெர்சி, கனெக்டிகட், வர்ஜீனியா பகுதிகளில் தேடிப் பார்ப்பது பயனுள்ளது. 2027இல் லூசியானா, மிசிசிப்பியில் புரூட் 22ம், 2028இல் மிசிசிப்பி ஆற்றுப் பள்ளத்தாக்கில் புரூட் 23ம் வரும். 2029இல் வர்ஜீனியா, மேற்கு வர்ஜீனியா மலைப்பகுதிகளில் புரூட் 1 வரும்.

வயிற்றின் பின்பகுதி உதிர்ந்து, வெள்ளையாக இருக்கும் பூச்சிகளைப் பார்த்தேன். என்ன நோய்?

மாசோஸ்போரா என்ற பூஞ்சை. வயிற்றின் கடைசிக் கண்டங்கள் கழன்று விழ, சுண்ணக்கட்டி போன்ற வித்துத் திரள் வெளியே தெரியும். அப்படியும் பூச்சி நடந்துகொண்டும் பறந்துகொண்டும் இருக்கும். பூஞ்சை தாக்கிய ஆண், பெண்ணைப் போலவே இறக்கையைச் சொடுக்கி மற்ற ஆண்களை ஈர்த்து, நோயை அவற்றுக்கும் தொற்றவைக்கிறது. நோயுற்ற காலமுறைச் சில்வண்டுகளில் கேத்தினோன் என்ற ஊக்கப்பொருள் இருப்பதை மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகத்தினர் 2019இல் வெளியிட்டனர். களப்பதிவில் இத்தகைய பூச்சிகளைத் தனியாகக் குறியுங்கள்.

ஆண்டுகளை எப்படி எண்ணுகின்றன? ஏன் இத்தனை கோடி?

இளம்பூச்சிகள் வேரின் நீர்க்குழாயிலிருந்து சாறு உறிஞ்சி வாழ்கின்றன; மரத்தின் பருவச் சுழற்சி அந்தச் சாற்றில் அவற்றுக்குத் தெரிகிறது. கலிஃபோர்னியாவில் ரிச்சர்ட் கார்பன் குழுவினர் பீச் மரங்களை ஓராண்டில் இருமுறை துளிர்க்கச் செய்தபோது, அவற்றின் வேர்களில் வளர்ந்த சில்வண்டுகள் ஓராண்டு முன்னதாகவே வெளிவந்தன. அதாவது கடந்த காலத்தை அல்ல, மரம் துளிர்த்த தடவைகளையே எண்ணுகின்றன. எண்ணியதை அவ்வளவு காலம் எப்படி நினைவில் வைத்திருக்கின்றன என்பது இன்னும் தீராத கேள்வி.

பெருந்தொகை என்பது தற்காப்பு. ஏக்கருக்கு 15 லட்சம் வரை வெளிவந்ததாகப் பதிவு உண்டு. தின்பவை வயிறு நிறைந்து சலித்தபின்னும் இனப்பெருக்கத்துக்குப் போதிய பூச்சிகள் எஞ்சுகின்றன.

மரங்களுக்கும் வீட்டு விலங்குகளுக்கும் தீங்கு உண்டா?

வளர்ந்த மரங்களுக்கு இல்லை. பெண்கள் பென்சில் கனமுள்ள கிளைகளைக் கீறி முட்டையிடுவதால் நுனிகள் வாடித் தொங்கும், அவ்வளவுதான். நட்டுச் சில ஆண்டுகளே ஆன கன்றுகளை நெருங்கிய கண்களுள்ள வலையால் மூடினால் போதும். பூச்சிமருந்து தெளிப்பது வீண்; தின்னும் பறவைகளுக்கே கேடு. நாய்கள் ஒன்றிரண்டைத் தின்றால் பாதகமில்லை. வயிறு புடைக்கத் தின்ன விடாதீர்கள். இறால், நண்டு ஒவ்வாதவர்கள் இவற்றை உண்ணக் கூடாது என அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் எச்சரித்துள்ளது.

பதிவில் என்னென்ன இருக்க வேண்டும்?

நாள், நேரம், துல்லியமான இடம், வயிற்றடிப் படம், அரை நிமிட ஒலிப்பதிவு. இவற்றோடு எண்ணிக்கையைப் பற்றிய குறிப்பும் மிக அவசியம்: ஒன்றிரண்டு பூச்சிகளா, ஒரு மரத்தில் நூற்றுக்கணக்கிலா, சேர்ந்திசை கேட்டதா? சென்று பார்த்தும் எதுவும் கேட்காத இடங்களையும் அவ்வாறே எழுதி அனுப்புங்கள். கூட்டத்தின் எல்லை எங்கே முடிகிறது என்பதை அந்தக் குறிப்புகளே காட்டுகின்றன. சின்சினாட்டியின் மவுன்ட் செயின்ட் ஜோசப் பல்கலைக்கழகம் உருவாக்கிய சிக்காடா சஃபாரி செயலியும், உயிரினப் பதிவுகளுக்கான ஐநேச்சுரலிஸ்ட் இணையதளமும் பதிவுகளை ஏற்கின்றன. மேரிலாந்தில் பெஞ்சமின் பேனக்கர் என்ற கறுப்பின வானியலாளர் 1749, 1766, 1783 ஆண்டுகளின் வருகைகளைக் குறித்துவைத்து, 1800இல் மீண்டும் வரும் என்று கணித்து எழுதினார். அவரிடம் இருந்தவை ஒரு குறிப்பேடும் பொறுமையும் மட்டுமே.

இந்தியாவில் இத்தகைய சில்வண்டு உண்டா?

மேஜிசிகாடா இல்லை. தமிழ்நாட்டின் மலைக்காடுகளில் கேட்பவை ஆண்டுதோறும் வருபவை. ஆனால் மேகாலயாவின் ரி போய் மாவட்டத்தில் கிரெமிஸ்டிகா ரிபோய் என்ற இனம் நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒருசேர வெளிவருகிறது. 2013இல் அறிவியல் பெயர் பெற்ற இதை அவ்வூர் மக்கள் நியாங்டாசர் என்று அழைத்து, இரவில் பிடித்து உணவாகக் கொள்கிறார்கள். 2010, 2014, 2018, 2022 என வந்த இதன் அடுத்த முறை 2026. மூங்கில் காடுகள் அடர்ந்த அந்த மலைச்சரிவுகளுக்கு ஏப்ரல், மே மாத மாலைகளில் செல்ல வேண்டும். அங்கும் ஊராரிடம் கேட்டு, அவர்கள் காட்டும் இடத்தில் தேடுவதே சரி.